கேமராவுக்குத் தோள்பை வாங்குவது எப்படி? செங்கோட்டை, தென்காசி பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமராவை மாதக்கணக்கில் விசாரித்து, பணம் சேர்த்து வாங்குகிறோம். பையை மட்டும் கடைசி நிமிடத்தில், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையோ ஆன்லைனில் முதலில் கண்ணில் பட்டதையோ வாங்கிவிடுகிறோம். நாலு முகூர்த்தம் முடிவதற்குள் தோள்பட்டை வலி வந்துவிடும். ஒரு சாரல் சீசன் முடிவதற்குள் லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். பைகளை வாங்கி, திருப்பி அனுப்பி, சண்டை போட்டு, தைத்து ஒரு வழியாகத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் அந்த அலைச்சல் படவேண்டாம்.

இது யாருக்கு? ஒரு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), இரண்டு அல்லது மூன்று லென்ஸ், ஒரு பிளாஷ் வைத்துக்கொண்டு செங்கோட்டை, தென்காசி, கேரளத்துப் புனலூர் என்று எல்லையின் இரண்டு பக்கமும் கல்யாணம் எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு. குற்றாலம், பாலருவி, தென்மலை, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல் என்று சுற்றுகிறவர்களுக்கும் பொருந்தும். நம் பக்கத்தில் பையைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: எவ்வளவு எடை, எவ்வளவு ஈரம். நிறமும் பாக்கெட் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு.

1. முதலில் தராசு, பிறகு கடை

உங்களிடம் இருப்பதையெல்லாம் போடுவதற்கான பை வேண்டாம். ஒரு நாள் வேலைக்கு எடுத்துப் போவதற்கான பை போதும். ஒரு வழக்கமான நாளில் வெளியே எடுத்துப் போகும் பொருட்களை மேசையில் பரப்புங்கள். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். சார்ஜர், கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு டப்பா, துடைக்கும் துணி, தண்ணீர் பாட்டில் எல்லாம் கணக்கில் வரவேண்டும். அரை லிட்டர் தண்ணீரே அரைக் கிலோ.

ஒரே மாதிரி வேலைக்கு எடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். கேனான் 1500டி பேட்டரியோடு 475 கிராம். அதன் 18-55 லென்ஸ் சுமார் 200 கிராம், 55-250 எஸ்டிஎம் 375 கிராம். மூன்றும் சேர்ந்தாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். கேனான் 5டி மார்க் 4 எடுத்தால் பாடி மட்டும் பேட்டரியோடு 890 கிராம். 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 805 கிராம், 70-200 எஃப் 2.8 மூன்றாம் பதிப்பு 1,480 கிராம். மூன்றே பொருளில் 3 கிலோ தாண்டிவிட்டது. பிளாஷும் அதற்கான பேட்டரிகளும் இன்னும் அரைக் கிலோ. சோனி ஏ7 மார்க் 4, அதன் புதிய 24-70, 70-200 ஜிஎம் லென்ஸ்கள் என்றால் மூன்றும் சேர்ந்து இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும்.

காலிப் பைக்கும் எடை உண்டு. முக்கால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். அதையும் கூட்டுங்கள். என் கணக்கு இதுதான்: பையோடு சேர்த்து 4 கிலோவுக்குள் வந்தால் தோள்பை. 4-லிருந்து 5 வரை என்றால் நல்ல வார் உள்ள பை, நடுநடுவே கீழே இறக்கி வைக்க இடமுள்ள வேலை. 5-ஐத் தாண்டினால் முதுகுப்பைதான், தோள்பையை மறந்துவிடுங்கள். பறவை எடுக்கிறவர்கள் நிக்கான் 200-500 மாதிரி லென்ஸைத் தோள்பையில் வைத்துக்கொண்டு தென்மலையில் நடக்க நினைக்கவே வேண்டாம். லென்ஸ் மட்டுமே 2,300 கிராம். ஒரே தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் நடந்தால் இடுப்பு வரை வலி இறங்கும்.

2. அளவு: உள்ளளவைக் கேளுங்கள்

பெரும்பாலோர் ஏமாறும் இடம் இது. ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வெளியளவு. ஃபோம் ஒவ்வொரு பக்கமும் ஒன்று, ஒன்றரை செ.மீ. சாப்பிட்டுவிடும். வெளியே 18 செ.மீ. ஆழம் என்று போட்டிருந்தால் உள்ளே 15, 16 கிடைத்தால் அதிகம். எனக்கு ஒரு விற்பனையாளர் வெளியளவை உள்ளளவு என்றே எழுதி அனுப்பிவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வாரக்கணக்கில் இழுத்தடித்தார். வாங்குவதற்கு முன் உள்ளளவு எவ்வளவு என்று கேள்வி கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். பிறகு வாதாட அதுதான் ஆதாரம்.

உங்கள் பக்கம் அளக்க வேண்டியவை மூன்று. அதிகம் பயன்படுத்தும் லென்ஸ் மாட்டிய நிலையில் கேமராவின் நீளம், உங்கள் நீளமான லென்ஸின் உயரம், ஹூட்டை (லென்ஸ் முனையில் மாட்டும் ஒளிமறைப்பு வளையம்) திருப்பி மாட்டிய நிலையில் லென்ஸின் விட்டம். ஹூட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். திருப்பி மாட்டினால் விட்டம் ஒன்றரை, இரண்டு செ.மீ. கூடும். அந்த இரண்டு செ.மீ.தான் ஜிப் மூடுமா மூடாதா என்பதை முடிவு செய்யும்.

70-200 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேனானின் பழைய இஎஃப் வகை கிட்டத்தட்ட 20 செ.மீ. நீளம். பாடியோடு மாட்டினால் 27, 28 செ.மீ. ஆகும். தோள்பைகளின் உள் உயரம் பொதுவாக அவ்வளவு இருக்காது. அதனால் கழற்றி, நிற்க வைக்கும்படி 21, 22 செ.மீ. உள் உயரம் உள்ள பையைத் தேடுங்கள். கேனான் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 முதல் பதிப்பு வைத்திருந்தால் 15 செ.மீ.க்குள் முடிந்துவிடும், சின்னப் பையே போதும்.

எல்லாம் அளந்த பிறகு ஒரு லென்ஸுக்கான இடம் மட்டும் கூடுதலாக விடுங்கள். அதற்கு மேல் விட்டால் வீட்டிலிருப்பதையெல்லாம் திணிப்போம்.

3. சாரலுக்கு எந்தத் துணி?

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் செங்கோட்டை, குற்றாலம் வரை இறங்கும். ஆகஸ்ட் வரை இதுதான் நிலைமை. கொட்டும் மழை என்றால் ஒதுங்கி நிற்போம். சாரலில் ஒதுங்க மாட்டோம், வேலை செய்துகொண்டே இருப்போம். மணிக்கணக்கில் தூவும் அந்தச் சாரல்தான் பையின் ஜிப் வழியாக மெல்ல உள்ளே இறங்குகிறது. கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இடவப்பாதியில் (இதே தென்மேற்குப் பருவத்துக்கு அங்கே வழங்கும் பெயர்) மழையே நேராகக் கொட்டும்.

துணியில் பார்க்க வேண்டியது டெனியர் எண், அதாவது நூலின் கனத்தைச் சொல்லும் அளவு. 600 டெனியர் பாலியஸ்டர் சாதாரண உழைப்புக்குச் சரி. 1000 டெனியர் கார்டுரா நைலான், 1680 டெனியர் பாலிஸ்டிக் நைலான் இரண்டும் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் டெனியர் அதிகம் என்பதால் மட்டும் தண்ணீர் நிற்காது. துணியின் உட்பக்கம் பூசியிருக்கும் பூச்சுதான் தண்ணீரைத் தடுக்கிறது. பையைத் திறந்து, அடித்துணி தெரியும் ஏதாவது மடிப்பில் பாருங்கள். வழவழப்பான படலம் சீராக இருக்கவேண்டும். பிசுபிசுத்தாலோ செதில் செதிலாக உரிந்தாலோ அது கடையில் பல வருடம் கிடந்த பழைய சரக்கு. நம் ஊர் ஈரத்தில் அந்தப் பூச்சு இன்னும் வேகமாகப் போகும்.

கேன்வாஸ் பை பார்க்க அழகு, தோளிலும் இதமாக உட்காரும். மெழுகு ஏற்றாத கேன்வாஸ் நனைந்தால் கனத்துவிடும், காய இரண்டு நாள் எடுக்கும். மழைக்காலத்தில் வேலை செய்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தோல் பை இன்னும் மோசம், ஈரத்தில் பூசணம் பிடிக்கும். கேரளப் பக்கம் சில கோயில்களில் தோல் பொருட்களோடு உள்ளே விடவும் மாட்டார்கள். கோயில் கல்யாணம் எடுக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

மூடி விஷயத்தில் என் தேர்வு, உள்ளே ஒரு ஜிப், அதற்கு மேல் இரண்டு பக்கமும் காதுபோல் மடிந்து இறங்கும் பெரிய மேல்மூடி. வெறும் ஜிப் மட்டும் உள்ள பைக்கு ரெயின் கவர் கட்டாயம் வேண்டும். ரெயின் கவர் பையோடு தைத்து வருகிறதா, தனியாக வருகிறதா, வரவே வரவில்லையா என்று கேளுங்கள். லோப்ரோவின் சில மாடல்களில் ஏடபிள்யூ என்று பெயரோடு ஒட்டியிருந்தால் கவர் உள்ளே மடித்து வைத்திருக்கும் என்று பொருள்.

ஜிப்பில் ஒய்கேகே (நம்பகமான ஜிப் நிறுவனம்) என்று பொறித்திருந்தால் நல்லது. கொக்கிகள் இரும்பா என்று சின்னக் காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்பாக இருந்து மேல்பூச்சும் மட்டமாக இருந்தால் துருப்பிடித்துக் கல்யாண வீட்டில் உங்கள் சட்டையில் கோடு போடும்.

4. வார், தையல், உள்தடுப்பு

வார் 5 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். தோளில் படும் இடத்தில் வழுக்காத ரப்பர் பட்டை இருந்தால் நல்லது. குறுக்காக மாட்டினால் பை இடுப்பெலும்புக்கு நேராக வரும் அளவுக்கு வார் நீளவேண்டும். உயரமானவர்களுக்குப் பல பைகளின் வார் எட்டாது, மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். வாரும் பையும் சேரும் இடத்தில் தையல் பெட்டி வடிவத்தில், நடுவில் பெருக்கல் குறி போட்டு இருக்கவேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் வேண்டாம். வார் அறுந்து விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

பைக்கில் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். தோள்பையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுப் புளியரை வளைவுகளில் போகாதீர்கள், திரும்பும்போது பை ஆடி உங்களைச் சாய்க்கும். குறுக்காக மாட்டி முதுகுக்குத் தள்ளி, கூடவே இடுப்புப் பட்டையால் இறுக்குங்கள். இடுப்புப் பட்டை மாட்ட வளையம் உள்ள பையாகப் பார்த்து வாங்கினால் இந்தக் கவலை போகும்.

உள்தடுப்புகளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அடிப்பகுதி ஃபோமை விரலால் அழுத்துங்கள். தரை சட்டென்று விரலில் தட்டினால் கல்தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் லென்ஸுக்கு அடி. உட்துணி வெளிர் சாம்பலோ மஞ்சளோ ஆக இருந்தால் மண்டபத்து மங்கிய ஒளியிலும் கறுப்பு லென்ஸ் மூடி கண்ணுக்குத் தெரியும்.

மேல்மூடி வெல்க்ரோவா என்று கட்டாயம் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில், மந்திரம் மட்டும் கேட்கும் அமைதியில், அந்தப் பர்ர்ர் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும், வீடியோக்காரரின் மைக்கிலும் ஏறிவிடும். திங்க் டேங்க் ரெட்ரோஸ்பெக்டிவ் வரிசையில் வெல்க்ரோவை மடித்து மறைக்கும் வசதி தந்திருக்கிறார்கள். இல்லாத பைகளுக்கு டெய்லரிடம் ஒரு துணிப் பட்டை தைத்து வாங்கி அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

5. கடைக்குப் போகும் நாள்

பெரிய தேர்வு வேண்டுமென்றால் திருநெல்வேலி, மதுரை அல்லது திருவனந்தபுரம் போகவேண்டியிருக்கும். ஞாயிறு போகாதீர்கள். வேலை நாளில் காலையில் போனால் கடைக்காரருக்கும் நிதானம் இருக்கும். உங்கள் பொருட்களை எல்லாம் எடுத்துப் போங்கள். அங்கேயே பையில் அடுக்கி, குறுக்காக மாட்டி, கடைக்குள் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள், குனியுங்கள், ஒரு கையால் திறந்து லென்ஸை எடுத்துப் பாருங்கள். காலிப் பையை மாட்டிப் பார்த்து முடிவு செய்யவே கூடாது.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள், பணம் திரும்புமா, மாற்றிக் கொடுப்பது மட்டுமா என்று முதலில் படியுங்கள். வந்த அன்றே, அட்டைகளைக் கிழிக்காமல், அரிசிப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் உங்கள் கேமரா எடைக்குச் சமமாகப் போட்டு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நடங்கள். பெட்டியைத் திறப்பதிலிருந்து போனில் வீடியோ எடுத்து வையுங்கள். தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது, இந்தப் பைதான் என்று முடிவான பிறகுதான். நனைத்த பையைத் திருப்பி வாங்க மாட்டார்கள். முடிவானதும் உள்ளே செய்தித்தாளைப் பரப்பி, மூடி, ஷவரின் கீழ் பத்து நிமிடம் வையுங்கள். தாள் நனைந்த இடம் பையின் பலவீனத்தைக் காட்டிவிடும்.

6. செலவும் நேரமும்

பெயர் தெரியாத உள்ளூர்த் தயாரிப்பு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐநூறு வரை. லோப்ரோ, வேன்கார்டு மாதிரி நடுத்தரப் பைகள் மூவாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை. திங்க் டேங்க், பீக் டிசைன் பெரும்பாலும் பத்தாயிரத்தைத் தாண்டும். பில்லிங்காம் அதற்கும் வெகு மேலே. புதியவருக்கு நடுத்தரமே போதும் என்பேன். மிச்சப் பணத்தை ஈரத்தைத் தடுக்கும் பொருட்களுக்குச் செலவிடுங்கள்.

பையின் விலையோடு செலவு முடியாது. தனி ரெயின் கவர், தோள் பட்டை, சிலிக்கா ஜெல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி என்று சுமார் 1,500 முதல் 2,000 ரூபாய் வரை ஒதுக்கி வையுங்கள்.

எப்போது வாங்குவது? நம் பக்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கேரளப் பக்கம் அதே நாட்களில் கர்க்கடக மாதம், அங்கும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை வேலை குறைவு, சாரலோ உச்சம். பை வாங்கிச் சோதித்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. ஆவணி பிறந்ததும் அங்கே சிங்ஙம் மாதம் பிறந்துவிடும், இரண்டு பக்கமும் முகூர்த்தம் வரிசையாக வரும். அப்போது புதுப் பையோடு போனால் எந்த அறையில் எந்த லென்ஸ் என்று தடவிக்கொண்டு நிற்பீர்கள்.

7. காகிதங்கள்

பை வாங்கும்போதே ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வாரண்டி அட்டை இருந்தாலும் பில் இல்லாமல் பயனில்லை. வாரண்டி பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான், தேய்மானத்துக்குக் கிடையாது.

பையில் எப்போதும் இருக்கவேண்டியவை: பாடி, லென்ஸ் பில்களின் நகல், வரிசை எண்கள் எழுதிய ஒரு தாள், அடையாள அட்டை நகல், காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியின் முதல் பக்கம். பிளாஸ்டிக் உறையில் போட்டு முதுகுப்பக்கப் பாக்கெட்டில் வையுங்கள். இவற்றின் படங்கள் போனிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும், பையே காணாமல் போனால் உள்ளிருக்கும் நகலால் என்ன பயன்? சோதனைச்சாவடியில், அதுவும் தேர்தல் நேரத்தில், பையைத் திறக்கச் சொன்னால் பில் நகல் இருந்தாலே ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

திருட்டு நடந்தால் எந்த மாநிலத்துக் காவல் நிலையம் என்று குழம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வரிசை எண் கையில் இருந்தால்தான் புகாருக்கு வலு. காப்பீடு எடுக்கும்போது, பூட்டிய காரில் ஆளில்லாமல் விட்ட பை திருடு போனால் பணம் தருவார்களா என்ற விதியைத் தேடிப் படியுங்கள்.

வனத்துறைப் பகுதிகளில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கவுன்டரிலேயே கேட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிப் படம் எடுக்க அங்கே போவதானால் முன்அனுமதி பற்றிச் சில வாரம் முன்பே விசாரித்துவிடுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிறவர்களுக்கு: கைப்பை பொதுவாக 7 கிலோ, நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 115 செ.மீ. கூடுதல் லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கில் போடக்கூடாது.

8. வீட்டுக்கு வந்த பிறகு

பையிலேயே கேமராவை வைத்து மூடி அலமாரியில் வைக்காதீர்கள். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தகும். ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே இருட்டு, காற்றில்லை. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சாரல் காலத்தில் நம் வீடுகளில் அதைத் தாண்டாத நாள் அபூர்வம். கேமராவையும் லென்ஸையும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். பையைத் தடுப்புகளோடு பிரித்து மின்விசிறியின் கீழ் காயவிடுங்கள், வெயிலில் போட்டால் பூச்சு உரியும்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி மீது பனி படரும். பையை மூடியபடியே இருபது, முப்பது நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். பாலருவி போகிறவர்கள் வண்டி நிறுத்துவதற்குக் கொஞ்ச தூரம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டால் இந்தக் காத்திருப்பு குறையும்.

நீல சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். பழைய இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்த நிறத்துக்குக் கோபால்ட் உப்பு சேர்த்திருப்பதால், அதே சட்டியைப் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது. வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாரல் மாதங்களில் வாரம் ஒரு முறை நிறம் பாருங்கள், மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை போதும்.